கிழக்கைக் காக்க மேற்கில் நின்ற படை: பாகிஸ்தான், 1947–1971

பாகிஸ்தான் ராணுவத் தலைமையகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கோட்பாடு வேதவாக்காக இருந்தது: கிழக்கின் பாதுகாப்பு மேற்கில் இருக்கிறது. வங்காள விரிகுடாவை ஒட்டிய கிழக்குப் பாகிஸ்தானை (இன்றைய வங்கதேசத்தை) இந்தியா தாக்கினால், அங்கே பெரும்படை நிறுத்தி எதிர்க்க வேண்டியதில்லை. பஞ்சாபிலும் காஷ்மீரிலும் இந்தியாவை அடித்து, நிலத்தைப் பிடித்து, அதை வைத்துப் பேரம் பேசிக் கிழக்கைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பது கணக்கு. 1971 டிசம்பரில் பதின்மூன்று நாட்களில் அந்தக் கணக்கு தவிடுபொடியானது. உலகின் மிகப் பெரிய முஸ்லிம் நாடு என்று பெருமை பேசிய நாடு இரண்டாகப் பிளந்தது.

1971 பற்றிய எழுத்துகளில் பெரும்பாலும் தளபதிகளின் திறமையின்மையும் ராணுவ ஆட்சியாளர் யாஹியா கானின் குடியும் மேற்கின் அரசியல் தலைவர் பூட்டோவின் பதவி வெறியும் இந்திரா காந்தியின் ராஜதந்திரமும்தான் பேசப்படுகின்றன. அவற்றுக்கு இடம் உண்டு. ஆனால் தோல்வியின் வேர் அதற்கு வெகு முன்பே ஊன்றிவிட்டது என்பது என் முடிவு. இந்தியா என்ற பகையை எதிர்கொள்ள வகுத்த வியூகத்துக்குள், யார் நம்மவர், யாரை நம்பலாம் என்ற இனத் தீர்ப்பு ஒன்று புகுந்து உட்கார்ந்திருந்தது. அந்தத் தீர்ப்பைத் திருத்தாமல் வியூகத்தைத் திருத்த முடியாது. திருத்த முயன்றவர்கள் தேசத்துரோகிகள் ஆக்கப்பட்டார்கள்.

வரைபடத்தின் நெருக்கடி

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கோட்பாட்டுக்கு ராணுவ ரீதியான காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு பாகிஸ்தான்களுக்கும் நடுவே ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் இந்திய நிலம் கிடந்தது. கிழக்கின் மூன்று பக்கமும் இந்தியா, தென்கிழக்கில் பர்மாவுடன் சிறு எல்லை, தெற்கே கடல். மேற்கிலும் நிலைமை சுகமாக இல்லை. லாகூர் நகரம் எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. காஷ்மீருக்காக 1947-லேயே போர் மூண்டுவிட்டது. வடமேற்கில் ஆப்கானிஸ்தான், இரு நாடுகளையும் பிரிக்கும் டியூரண்ட் எல்லைக்கோட்டை ஏற்க மறுத்தது. 1947 செப்டம்பரில் ஐ.நா.வில் பாகிஸ்தானைச் சேர்ப்பதற்கு எதிராக வாக்களித்த ஒரே நாடு அதுதான். கையிருப்பு குறைவு, எல்லையோ நீளம். இருப்பதை ஓரிடத்தில் குவிப்போம் என்று ஒரு தளபதி முடிவு செய்தால் அதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல முடியாது.

எந்த இடத்தில் குவிப்பது என்பதுதான் கேள்வி. 1951 கணக்கெடுப்பின்படி பாகிஸ்தான் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர், சுமார் 4.2 கோடிப் பேர், கிழக்கில் வாழ்ந்தனர். நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பங்கு கிழக்கு வங்காளச் சணலிலிருந்து வந்தது. முதல் பத்தாண்டுகளில் மத்திய அரசின் வருவாய்ச் செலவில் பாதிக்கு மேல் பாதுகாப்புக்கே போயிற்று. அந்தப் பணம் பாசறைகளாகவும் சம்பளமாகவும் ஒப்பந்தங்களாகவும் ஓய்வூதியமாகவும் பெரும்பாலும் மேற்கில் செலவானது. மூன்று படைகளின் தலைமையகங்களும் மேற்கில்தான் இருந்தன. கடற்படைத் தலைமையகம் கராச்சியில் இருந்தது. ஆறுகளும் கடலும் சூழ்ந்த கிழக்கில் இருந்த கடற்படை வலிமையோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பெரும்பான்மை மக்கள் வரி கட்டினார்கள், சணல் விளைவித்தார்கள். அவர்களைக் காக்கும் பொறுப்பு மட்டும் இன்னொரு போர்முனையின் வெற்றியைச் சார்ந்திருந்தது.

யார் சிப்பாய்?

இங்கேதான் இனப் பிரிவினை வியூகத்துக்குள் நுழைகிறது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு பிரிட்டிஷார் இந்தியர்களைப் போர்க்குடிகள், மற்றவர்கள் என்று வகுத்தார்கள். பஞ்சாப் முஸ்லிம், பதான், சீக்கியர், கூர்க்கா ஆகியோர் போருக்குப் பிறந்தவர்கள். வங்காளி அதற்கு லாயக்கில்லாதவர் என்றார்கள். இது தமிழர்களுக்கும் அந்நியமான கதை இல்லை. 1880-களில் மெட்ராஸ் ராணுவத்துக்குத் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியச் சிப்பாய்களை இதே தராசில் நிறுத்துக் குறைத்து மதிப்பிட்டார். பின்னர் அவர் முழு இந்தியப் படைக்கும் தலைவரானபோது தெற்கிலிருந்து ஆள் எடுப்பது சுருக்கப்பட்டு, பஞ்சாப் பெருகியது. ராவல்பிண்டி, ஜீலம், அட்டோக் மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாக ராணுவமே பிழைப்பாயிற்று.

1947-ல் பாகிஸ்தானுக்குக் கிடைத்தது அந்தப் படை. புதிய நாடு அந்தப் பிரிட்டிஷ் பாகுபாட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். செய்யவில்லை. 1948 பிப்ரவரியில் டாக்காவில் கிழக்கு வங்காள ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் உருவானது. ஆனால் வளர்ச்சி நத்தை வேகம். 1955-56 வாக்கில் வெளியான கணக்கின்படி, மேஜர் முதல் அதற்கு மேற்பட்ட பதவிகளில் இருந்த 908 ராணுவ அதிகாரிகளில் கிழக்குப் பாகிஸ்தானியர் 14 பேர். ஒரு பிரிகேடியர், ஒரு கர்னல், இரண்டு லெப்டினன்ட் கர்னல்கள், பத்து மேஜர்கள், அவ்வளவுதான். மக்கள் தொகையில் பாதிக்கு மேல் உள்ள ஓர் இனத்துக்கு முடிவெடுக்கும் மேசையில் நாற்காலியே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்த எண்ணிக்கையை வெறும் வேலைவாய்ப்புக் குறையாகப் பார்ப்பது பிழை. நாட்டின் எதிரி யார், எந்தப் பகுதியை இழந்தால் தாங்கலாம், எதை இழந்தால் நாடே போய்விடும் என்று தீர்மானிப்பவர்கள் தம் ஊர், தம் வயல், தம் உறவினர் இருக்கும் திசையிலிருந்தே வரைபடத்தைப் பார்ப்பார்கள். லாகூர் விழுந்தால் பாகிஸ்தான் விழுந்தது என்று நினைத்தவர்கள், டாக்கா விழுந்தால் பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்று நினைத்ததில் வியப்பில்லை.

அமெரிக்க ஆயுதமும் கலைக்கப்பட்ட அரசும்

1954-ல் இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தன. மார்ச் மாதக் கிழக்கு வங்காளத் தேர்தலில் வங்காளக் கட்சிகளின் கூட்டணியான ஐக்கிய முன்னணி, ஆளும் முஸ்லிம் லீகைத் துடைத்தெறிந்தது. 237 முஸ்லிம் தொகுதிகளில் லீகுக்குக் கிடைத்தவை பத்தைத் தாண்டவில்லை. 1952 பிப்ரவரி 21 அன்று வங்க மொழிக்காக டாக்காவில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மக்கள் தந்த பதில் அது. மே 19 அன்று, அப்போதைய தலைநகரான கராச்சியில் இருந்த மத்திய அரசு அமெரிக்காவுடன் ராணுவ உதவி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மே 30 அன்று, ஐக்கிய முன்னணியின் ஃபஸ்லுல் ஹக் தலைமையிலான மாகாண அரசு கலைக்கப்பட்டது. ஆளுநராக அனுப்பப்பட்டவர் அதுவரை பாதுகாப்புச் செயலராக இருந்த இஸ்கந்தர் மிர்சா.

பதினொரு நாள் இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். சீட்டோ, பாக்தாத் ஒப்பந்தம் ஆகிய மேற்கத்திய ராணுவக் கூட்டணிகளில் பாகிஸ்தான் சேர்ந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் கம்யூனிசம். உள்ளே இருந்த காரணம் இந்தியா. வந்த பாட்டன் டாங்கிகள் மேற்குச் சமவெளிக்குப் போயின. இந்தியப் பகை வங்காளிகளுக்கு அந்த அளவு உணர்ச்சிப் பிரச்சினையாக இல்லை. காஷ்மீர் அவர்களுக்குத் தொலைவு, கல்கத்தா பக்கம். இந்தியாவுடன் வணிகம் நடந்தால் அவர்களுக்கு ஆதாயம். எனவே கிழக்கில் வாக்குக்கு மதிப்புக் கிடைத்தால், ராணுவச் செலவும் கூட்டணியும் காஷ்மீர் முதன்மையும் கேள்விக்குள்ளாகும். இந்த அச்சம் பாகிஸ்தானில் ஜனநாயகம் தள்ளிப்போனதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று என்றே கருதுகிறேன். 1955-ல் மேற்கு மாகாணங்களை ஒன்றாக இணைத்து, கிழக்கின் பெரும்பான்மையைச் சரிபாதியாகக் குறுக்கினார்கள். 1958 அக்டோபரில், பொதுத்தேர்தல் நெருங்கிய வேளையில், தரைப்படைத் தலைமைத் தளபதி அயூப் கான் ஆட்சியைப் பிடித்தார்.

வங்காளத் தலைவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள் என்றும் சொல்ல முடியாது. 1956-57-ல் பிரதமராக இருந்த, அவாமி லீக் கட்சியின் சுஹ்ரவர்தி மேற்கத்தியக் கூட்டணியை முழு மூச்சாக ஆதரித்தார். அதே அவாமி லீகின் மௌலானா பாஷானி 1957-ல் காக்மாரி மாநாட்டில் அதை எதிர்த்து, சுரண்டல் தொடர்ந்தால் கிழக்கு மக்கள் மேற்குக்கு 'அஸ்ஸலாமு அலைக்கும்' சொல்லி விடைபெற்றுவிடுவார்கள் என்று எச்சரித்தார். கட்சி உடைந்தது. பதினான்கு ஆண்டுகளில் அவர் சொன்னது நடந்தது.

1965: பரிசோதனை

1965 செப்டம்பர்ப் போர்தான் கோட்பாட்டின் முதல் பரிசோதனை. காஷ்மீரில் பாகிஸ்தான் தொடங்கிய நடவடிக்கை பஞ்சாப் எல்லையில் முழுப் போராக வெடித்தது. அப்போது கிழக்கில் இருந்தது தரைப்படையில் ஒரே ஒரு டிவிஷன். விமானப்படையில் டாக்கா தேஜ்காவ்ன் தளத்தில் சேபர் ஜெட்டுகள் கொண்ட ஒரே ஓர் அணி. அந்த அணி செப்டம்பர் 7 அன்று மேற்கு வங்காளத்தின் கலைக்குண்டா தளத்தைத் தாக்கி, நின்றிருந்த இந்திய விமானங்களை அழித்தது. ஆனால் தரையில் இந்தியா கிழக்கைத் தாக்கவில்லை. தாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு ராவல்பிண்டி ராணுவத் தலைமையகத்திடம் பதில் இல்லை. சீனாவின் எச்சரிக்கைதான் கிழக்கைக் காத்தது என்று பின்னர் அரசுத் தரப்பில் பேசப்பட்டது. கேட்டுக்கொண்டிருந்த வங்காளிக்கு அதன் பொருள் தெளிவாகப் புரிந்தது: சொந்த ராணுவம் அவர்களைக் காக்கவில்லை.

அதே போரில் லாகூர் முனையில், பேடியான் பகுதியில் கிழக்கு வங்காள ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் அபாரமாகப் போரிட்டுப் பதக்கங்களை அள்ளியது. போர்க்குடிக் கோட்பாடு களத்திலேயே பொய்யானது. அதில் ஒரு கம்பெனிக்குத் தலைமை தாங்கியவர் ஜியாவுர் ரஹ்மான் என்ற இளம் வங்காள அதிகாரி. வங்காளச் சிப்பாய்கள் லாகூரைக் காத்தார்கள். டாக்காவைக் காக்க யாரும் இல்லை.

1966 பிப்ரவரியில் லாகூரில் அவாமி லீகின் தலைவர் ஷேக் முஜிபுர் ரஹ்மான் வைத்த ஆறு அம்சத் திட்டம் இந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. அதை வெறும் பொருளாதாரத் தன்னாட்சிக் கோரிக்கையாகப் படிப்பவர்கள் ஆறாவது அம்சத்தைக் கவனிப்பதில்லை. கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சொந்தமாக ஒரு துணைப்படை வேண்டும் என்றது அது. கடற்படைத் தலைமையகம் கிழக்குக்கு வர வேண்டும், ஆயுதத் தொழிற்சாலை வேண்டும் என்ற குரல்களும் எழுந்தன. சொந்தத் தற்காப்பைக் கேட்ட ஒரு பெரும்பான்மையின் கோரிக்கை இது. நேர்மையான பாதுகாப்பு வல்லுநர் ஒருவர் இதை வாங்கிப் படித்து விவாதித்திருக்க வேண்டும். அயூப் அரசு முஜிபைச் சிறையில் அடைத்தது. 1968-ல் அகர்தலா சதி வழக்கு வந்தது: முஜிபோடு சேர்த்து 35 பேர், பெரும்பாலும் முப்படைகளையும் சேர்ந்த வங்காளிகள், இந்தியாவுடன் சேர்ந்து பிரிவினை செய்யத் திட்டமிட்டதாகக் குற்றச்சாட்டு. 1969 பிப்ரவரியில் அவர்களில் ஒருவரான சார்ஜன்ட் ஜஹூருல் ஹக் காவலில் சுட்டுக் கொல்லப்பட, டாக்கா கொதித்தது. வழக்கு திரும்பப் பெறப்பட்டது. இந்திய எல்லை நகரமான அகர்தலாவில் தொடர்புகள் நடந்திருக்கின்றன என்பதைச் சம்பந்தப்பட்ட சிலர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்கள். அதனால் அரசின் சந்தேகம் முழுக் கற்பனை இல்லை. ஆனால் அந்த வழக்கு செய்த கேடு வேறு. வங்காளியின் எந்தக் கோரிக்கையும் இந்தியாவின் கை என்ற சமன்பாட்டை அது அரசின் மூளையில் நிலைநிறுத்தியது. வெளிப்பகையும் உள்முரணும் ஒன்றாகிவிட்டால், பேச்சுவார்த்தைக்கு இடம் இருக்காது. எதிரியோடு யார் பேசுவார்கள்?

1971 மார்ச்: காவல் படை திரும்பிய திசை

அயூபுக்குப் பின் ஆட்சிக்கு வந்த யாஹியா கான், படையில் வங்காளிகளின் பங்கை இரட்டிப்பாக்குவதாக 1969-ல் அறிவித்தார். காலம் கடந்த வாக்குறுதி. 1970 நவம்பரில் போலா புயலில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். நிவாரணம் ஆமை வேகத்தில் வந்தது. டிசம்பர்த் தேர்தலில் கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ அவாமி லீக் வென்றது. 313 உறுப்பினர் அவையில் அதற்குத் தனிப்பெரும்பான்மை கிடைத்தது. ஆறு அம்சத்தோடு முஜிப் பிரதமரானால் ராணுவத்தின் நிதியும் இந்தியக் கொள்கையும் கைமாறும். 1971 மார்ச் 1 அன்று அவைக்கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

அடுத்து நடந்ததில் ஒரு விவரத்தைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். ஜனவரி இறுதியில் ஓர் இந்திய விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டு எரிக்கப்பட்டதால், தன் வான்பரப்பில் பாகிஸ்தான் விமானங்கள் பறக்க இந்தியா தடை விதித்தது. கராச்சியிலிருந்து டாக்காவுக்கு நேர்வழி போயிற்று. விமானங்கள் தீபகற்பத்தைச் சுற்றி, கொழும்பை அடுத்த கட்டுநாயக்கவில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு வங்காளம் போயின. தூரம் ஏறத்தாழ இருமடங்கு. 9-வது, 16-வது டிவிஷன்களின் சிப்பாய்கள் இந்த வழியில்தான் கொண்டுவரப்பட்டார்கள், பலர் சாதாரண உடையில். அந்த ஏப்ரலில் இலங்கையிலேயே ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்து, சிறிமாவோ அரசு இந்தியா, பாகிஸ்தான் இரண்டிடமும் உதவி பெற்றுக்கொண்டிருந்தது. வெளிப்பகையை எதிர்கொள்ளக் கிழக்குக்கு ஒருபோதும் அனுப்பப்படாத டிவிஷன்கள், உள்நாட்டு மக்களை அடக்க இத்தனை தூரம் சுற்றி வந்தன. கிழக்கில் படை நிறுத்த முடியாது என்ற இருபதாண்டு வாதம் இந்த விமானங்களோடு காற்றில் போயிற்று.

மார்ச் 25 இரவு தொடங்கிய ராணுவ நடவடிக்கையின் இலக்குகளைப் பாருங்கள். டாக்கா பல்கலைக்கழகம், ராஜர்பாக் காவலர் குடியிருப்பு, பில்கானாவில் எல்லைக் காவல் படையான கிழக்குப் பாகிஸ்தான் ரைஃபிள்ஸின் தலைமையகம். முதலாவதில் மாணவர்களும் ஆசிரியர்களும். மற்ற இரண்டிலும் பாகிஸ்தான் அரசின் சீருடை அணிந்த வங்காளிகள். சிட்டகாங்கில் அந்த இரவு நடந்ததை எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு கனக்கிறது. கிழக்கு வங்காள ரெஜிமென்டின் பயிற்சி மையத்தில் படுத்திருந்த வங்காளிப் பயிற்சிச் சிப்பாய்கள் மீது அதே பாசறையின் 20-வது பலூச் பட்டாலியன் பாய்ந்தது. பெருந்தொகையானோர் உறக்கத்திலேயே மாண்டார்கள். ஒரே கொடிக்கு உறுதிமொழி எடுத்தவர்கள் அவர்கள். அங்கிருந்த மூத்த வங்காள அதிகாரியான பிரிகேடியர் மஜும்தாரை முந்தைய நாளே டாக்காவுக்கு அப்புறப்படுத்தியிருந்தார்கள்.

துறைமுகத்தில் 'ஸ்வாத்' கப்பலில் வந்த ஆயுதங்களை இறக்கத் தொழிலாளர்கள் மறுத்துவிட்டார்கள். ஆயுதம் இறக்கும் பணியை முடிக்க வங்காளச் சிப்பாய்களை ஏவினார்கள். அங்கே போகும் வழியில் செய்தி அறிந்து திரும்பிக் கிளர்ச்சி செய்தவர் மேஜர் ஜியாவுர் ரஹ்மான், 1965-ல் பேடியானில் லாகூரைக் காத்த அதே அதிகாரி. சில நாட்களுக்குள் கிழக்கில் இருந்த கிழக்கு வங்காள ரெஜிமென்டின் ஐந்து பட்டாலியன்களும் கலகம் செய்தன. வங்காளிகளின் விடுதலைப் படையான முக்தி வாஹினியின் எலும்புக்கூடு இப்படித்தான் உருவானது. சந்தேகம் தன் எதிரியைத் தானே செய்து முடித்தது.

வராத தாக்குதல்

ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்கு அகதிகளாக ஓடினார்கள். ஆகஸ்ட் 9 அன்று இந்தியா சோவியத் ஒன்றியத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. கிழக்கில் தளபதியான நியாசி, இந்தியா ஒரு சிறு பகுதியைப் பிடித்து அங்கே வங்கதேச அரசை அறிவிக்கும் என்று அஞ்சி, படைகளை எல்லை நெடுகப் பரப்பி, ஜெஸ்ஸூர், ஹிலி, போக்ரா, கொமில்லா, சில்ஹெட் என ஊர்களைக் கோட்டைகளாக்கினார். அந்தக் கோட்டைகளைச் சுற்றி இருந்த கிராமங்கள் எல்லாம் பகை. சாலை, பாலம், படகு, வழிகாட்டி எதுவும் அவருக்கு இல்லை. இந்தியப் படைக்கு எல்லாம் இருந்தன. உள்ளூர் மக்கள் படகுகளும் மாட்டுவண்டிகளும் கொடுத்து ஆறு கடத்தினார்கள். கோட்டைகளை ஒதுக்கிவிட்டு இந்தியர்கள் நடுவே புகுந்தார்கள். டிசம்பர் 9 முதல் மேக்னா ஆற்றை ஹெலிகாப்டர்களில் தாண்டினார்கள். 11 அன்று தாங்கைலில் பாராசூட் வீரர்கள் இறங்கினார்கள். தேஜ்காவ்ன் ஓடுபாதை 6-ம் தேதியே குண்டுவீச்சில் உடைந்து, ஒரே விமான அணி பறக்க முடியாமல் முடங்கியது.

கோட்பாட்டின்படி இப்போது மேற்கு அடித்திருக்க வேண்டும். டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் வட இந்தியத் தளங்களைத் தாக்கின. காஷ்மீரில் சம்ப் பகுதியைப் பிடித்தார்கள், பஞ்சாபில் ஷகர்கர் பகுதியில் நிலம் இழந்தார்கள். ஆனால் பேரடிக்காக வைத்திருந்த இரண்டாம் கோர் (பல டிவிஷன்கள் கொண்ட பெரும்படை) கடைசி வரை ஏவப்படவே இல்லை. கிழக்கைக் காக்கப்போவதாக இருபதாண்டுகள் சொல்லப்பட்ட படை பஞ்சாபில் காத்து நின்றது. வடக்கிலிருந்து சீனர், தெற்கிலிருந்து அமெரிக்கர் வருவார்கள் என்று டாக்காவுக்கு நம்பிக்கைச் செய்தி மட்டும் போனது. டிசம்பர் 16 மாலை டாக்காவின் ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் இந்தியாவின் ஜெனரல் அரோராவிடம் நியாசி சரணடைந்தார். சிவிலியன்கள் உட்பட சுமார் 93,000 பேர் சிறைப்பட்டார்கள்.

மேற்கின் தளபதிகள் கோழைகள் என்று இதைப் படிக்கத் தேவையில்லை. கிழக்கு போகிறது என்று தெரிந்த பின், மேற்கையும் பணயம் வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அதாவது, நெருக்கடி வந்தபோது எது நாடு, எது நாட்டின் ஒட்டு என்ற உண்மையான தரவரிசை வெளியே வந்தது. அந்தத் தரவரிசை 1948 முதலே இருந்தது.

விசாரணையும் அதன் பின்னும்

தோல்விக்குப் பின் ஆட்சிக்கு வந்த பூட்டோ அமைத்த விசாரணை ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் தலைமை நீதிபதி ஹமூதுர் ரஹ்மான், வங்காளி. கிழக்கின் பாதுகாப்பு மேற்கில் என்ற கோட்பாட்டையும், மேற்கில் போர்முனை தாமதமாகத் திறக்கப்பட்டதையும், கிழக்கில் நடந்த கொடுமைகளையும் அவர் ஆராய்ந்து எழுதினார். அறிக்கை பெட்டிக்குள் பூட்டப்பட்டது. 2000-ம் ஆண்டில் ஓர் இந்திய இதழ் அதன் பகுதிகளை வெளியிட்ட பிறகுதான் பாகிஸ்தான் மக்கள் அதைப் பார்க்க முடிந்தது. ஒரு தலைமுறை ராணுவ அதிகாரிகள் அதைப் படிக்காமலே பயிற்சி முடித்துப் பதவி உயர்ந்தார்கள்.

அரசு எடுத்துக்கொண்ட பாடம் வேறு. 1972 ஜனவரியில் முல்தானில் விஞ்ஞானிகளைக் கூட்டி பூட்டோ அணு ஆயுத வேலையைத் தொடங்கினார்: இந்தியாவுக்கு எதிரான பலவீனத்தைத் தொழில்நுட்பத்தால் அடைப்பது. உள்ளே இருந்த ஓட்டை அப்படியே இருந்தது. 1973 பிப்ரவரியில், தேர்ந்தெடுக்கப்பட்ட பலுசிஸ்தான் மாகாண அரசை, வெளிநாட்டு ஆயுதச் சதி என்ற குற்றச்சாட்டின் பின்னணியில் மத்திய அரசு கலைத்தது. தன் எல்லைக்குள் உள்ள பலூச் மக்களை எண்ணி அஞ்சிய ஈரான் ஷா கோப்ரா ஹெலிகாப்டர்களை அனுப்பினார். 1977 வரை அந்த மலைகளில் ராணுவ நடவடிக்கை நீடித்தது. சிட்டகாங்கில் சுட்ட பட்டாலியனின் பெயர் பலூச் ரெஜிமென்ட் என்றாலும் அதில் பலூச் இனத்தவர் மிகச் சொற்பம். பெரும்பாலோர் பஞ்சாபியரும் பக்தூன்களும். பலுசிஸ்தானில் படை இறங்கியபோது தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்தவர் டிக்கா கான், 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் கட்டளையிட்ட அதே தளபதி.